மாசி ஈரம்

தைப்பொங்கல் கழிந்து மழையும் ஓய்ந்துவிட்டால், இலங்கையின் வன்னியில் தோட்டம் செய்கிறவர்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். நாலு விரல் ஆழத்தில் தோண்டி எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவார்கள். உருண்டை குலையாமல் அப்பிக்கொண்டு கிடந்தால், “தம்பி, மண் இன்னும் ஒட்டுது, ரெண்டு நாள் பொறு” என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். விழுந்த இடத்தில் உடைந்து உதிர்ந்தால் பதம். உருண்டையே பிடிபடாமல் விரலிடுக்கால் கொட்டினால் நாள் கடந்துவிட்டது. இனித் தண்ணீர் பாய்ச்சித்தான் கொத்த வேண்டும்.

இந்தக் கைச் சோதனைக்கு ஆய்வுகூடத்திலும் ஒரு வடிவம் உண்டு. சுவீடனைச் சேர்ந்த அல்பேர்ட் அற்றர்பெர்க் என்ற வேதியியலாளர் களிமண்ணை வெவ்வேறு ஈர அளவுகளில் பிசைந்து பார்த்து, 1911இல் சில எல்லைகளை வகுத்தார். ஓர் ஈர அளவுக்கு மேலே மண் குழம்பாக ஓடும். அதற்குக் கீழே, பிடித்த வடிவில் நிற்கும். இன்னும் காய்ந்தால் வடிவம் பிடிக்காமல் உதிரும். ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டில் உருட்டிக் கயிறாக்கும்போது, 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்ததும் அது துண்டு துண்டாக உடையத் தொடங்கினால், அந்த ஈர அளவைக் குழைவு எல்லை என்கிறார்கள். இன்று வீதி போடும் பொறியியலாளர்களே இந்த எல்லைகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அற்றர்பெர்க்கின் கவலை வேளாண்மை மண்ணைப் பற்றியதுதான். குழைவு எல்லைக்குச் சற்றுக் கீழே ஈரம் இருக்கும்போது மண்ணைக் கொத்தினால், குறைந்த உழைப்பில் நிறையச் சிறு கட்டிகள் கிடைக்கும். தோட்டக்காரரின் கையில் உதிரும் உருண்டை காட்டுவதும் அந்த இடத்தைத்தான்.

எல்லா மண்ணுக்கும் பதம் உண்டு. ஆனால் வன்னி மேட்டு நிலத்தின் செங்கபில மண்ணுக்கு அது மிகக் குறுகியது. ஈரத்தில் பசையாக ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும். முருங்கன் பக்கத்துக் கருங்களி காயும்போது சுருங்கி வெடித்து, நனையும்போது வீங்கி, தன்னைத்தானே உழுதுகொள்ளும். செங்கபில மண்ணின் களிக்கு அந்தக் குணம் பெரிதாக இல்லை. மாரி மழை அடித்து அடித்து அதன் நுண்மணலையும் களியையும் இறுக்கிப் படியவைத்துவிடும். அதில் மக்கு (உக்கிய இலைதழை) குறைவு, கட்டிகளைத் தாங்கிப் பிடிக்கப் போதிய பிசின் இல்லை. அப்படியே காயவிட்டால் சீமெந்துத் தரைதான்.

ஆகவே மழை விட்டபின் கிடைக்கும் சில நாட்களுக்குள் வேலை நடந்தாக வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் உழவு இயந்திரத்தை இறக்கினால் கலப்பைக் கொழு செல்லும் ஆழத்துக்குக் கீழே ஒரு தட்டு இறுகிவிடும். பின்னர் கத்தரியின் வேர் அந்தத் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் படரும். சித்திரை வெயிலில், ஒரு முழத்துக்குக் கீழே ஈரம் இருந்தும் செடி வாடும். பிந்திப் போனால் சுழல்கலப்பை மண்ணை மாவாக்கும். அடுத்த மழையோ அடுத்த இறைப்போ அந்த மாவை மறுபடியும் தட்டாக்கும். ஒரு தோட்டத்தின் முழுப் போகத்தையும் தீர்மானிப்பது எந்த விதை, எந்தப் பசளை என்பதைவிட இந்தச் சில நாட்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

ஐரோப்பாவில் இதே மாதங்களில் தோட்டக்காரர்கள் வேறொன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். இலண்டனில் உள்ளூராட்சி சபையிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்யும் நம்மவர்கள் பலர். மாசியில் அவர்களுடைய மண்ணில் ஈரம் வேண்டிய மட்டும் உண்டு, சூடு இல்லை. மண் 7, 8 பாகை செல்சியசுக்கு மேலே வந்தால்தான் பட்டாணி ஒழுங்காக முளைக்கும். மார்கழியில் எட்டு மணிநேரத்துக்கும் குறைவாக இருந்த பகல் ஆனியில் பதினாறரை மணிநேரமாக நீளும். அங்கே வசந்தம் என்பது வெளிச்சமும் வெப்பமும் திரும்பி வருவது.

வன்னியிலுள்ள கிளிநொச்சி வட அகலக்கோடு 9 பாகை 24 கலை அளவில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணிநேரம்தான். விதை விழும் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் முளைப்புக்குப் போதிய சூட்டோடு இருக்கிறது. வன்னியின் மாசியில் குறைந்துகொண்டு போவது ஈரம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். தையில் தூறல், மாசியில் பனி, பங்குனியில் அதுவும் இல்லை. வடக்கு நோக்கி நகரும் சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியில் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில்தான் வருகிறது. ஆக, தையிலிருந்து சித்திரை வரை ஒவ்வொரு கிழமையும் வானம் கூடுதல் நீரைக் கேட்கிறது. மண்ணிடம் குறைவான நீரே மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரு சதுர மீற்றர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் நீர் ஆவியானால் அது ஒரு லீற்றர். வரண்ட வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து தையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும். பங்குனி சித்திரையில் அது 5ஐத் தாண்டும். பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலமான சிறு தோட்டத்தில் செடிகள் மூடி வளர்ந்திருக்கையில் நாளுக்கு 250 லீற்றர் நீர் போய்விடும். மண்ணில் உள்ள சேமிப்பு எவ்வளவு? மேல் 30 சென்ரிமீற்றர் செங்கபில மண் வேர் உறிஞ்சக்கூடிய நீராக 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை வைத்திருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒரு கிழமைக்குப் போதும் போலத் தோன்றும். ஆனால் பாதிச் சேமிப்பு போனதுமே செடி இலைத் துளைகளைச் சாத்தத் தொடங்கும். துளை சாத்தினால் காற்றும் உள்ளே வராது, மாப்பொருளும் உண்டாகாது. அதனால்தான் இங்கே மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இறைக்கிறார்கள். யாரும் கணக்குப் போட்டு வந்த வழக்கமல்ல, ஆனால் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறது.

இதே கணக்கைத்தான் மாவட்ட அளவில் சிறுபோகக் கூட்டத்தில் போடுகிறார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தில் மாரி முடிவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கருக்கு நீர் தரலாம் என்று அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனத் திணைக்களமும் விவசாயிகளும் கூடி முடிவெடுப்பார்கள். குளத்துக்கு அடி, தோட்டத்துக்கு மில்லிமீற்றர். மாசி மாதத்துத் தோட்ட வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே இந்தச் சேமிப்பைக் கரையவிடாமல் பிடித்து வைப்பதற்கான வேலைகள்தான்.

*

வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் வயலுக்கு ஒரு துண்டும், வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக மேட்டுக்காணி ஒரு துண்டும் கொடுத்தார்கள். அதற்கு அடித்தளமிட்டது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். மேடு தோட்டத்துக்கு, பள்ளம் நெல்லுக்கு என்ற அந்தப் பிரிப்பில் நல்ல மண்ணறிவியல் இருக்கிறது. கிழக்கு ஆபிரிக்காவில் வேலை செய்த ஜெஃப்ரி மில்ன், ஒரு சரிவின் உச்சி முதல் அடி வரை மண் ஒரு சங்கிலிபோலத் தொடர்ந்து மாறுகிறது என்று அதே 1935இல் எழுதினார். உச்சியில் நீர் வடியும், இரும்பு துருப்பிடித்து மண் சிவக்கும். அடியில் நீர் தேங்கும், காற்றில்லாமல் இரும்பு நிறமிழக்க மண் சாம்பல் நிறமாகும். வன்னியில் ஒரு குளத்தின் மேட்டிலிருந்து வயல்வெளி வரை நடந்தாலே இந்தச் சங்கிலி முழுவதையும் காலடியில் பார்க்கலாம்.

தோட்டக்காரருக்கு இதில் ஒரு பயன் உண்டு. மேட்டுச் சிவப்பு மண் முதலில் பதத்துக்கு வரும், சரிவின் நடுப்பகுதி சில நாள் பிந்தும், அடிவாரம் இன்னும் பிந்தும். ஒரே காணியில்கூட எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் கொத்த நினைக்கக் கூடாது. மேலிருந்து கீழே நாள் வைத்து இறங்கினால் ஒவ்வொரு பாத்திக்கும் அதன் பதம் கிடைக்கும். மாரியில் பெரும்போக நெல் நின்ற வயலிலும் அறுவடைக்குப் பின் மிஞ்சும் ஈரத்தில் பயறும் கௌபியும் போடுகிறவர்கள் சரிவின் அடியிலுள்ள அந்தப் பிந்திய ஈரத்தைத்தான் அறுவடை செய்கிறார்கள்.

கிணறும் சரிவோடு சேர்ந்ததே. வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் நிலத்தின் அடியில் கடும்பாறை. அதன் மேல் உக்கிப்போன பாறைப் படை சில மீற்றர் தடிப்பில் இருக்கும். கிணற்று நீர் முழுவதும் அந்தப் படைக்குள்தான் நிற்கிறது. இலங்கையின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய மண்ணறிவியலாளர் சி. ஆர். பானபொக்க, இந்த ஆழமற்ற நீர்ப்படை மேலேயுள்ள குளங்களோடும் மழையோடும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பதை விளக்கியிருக்கிறார். மாரியில் நிரம்பி ஆடி ஆவணியில் வற்றும் கையளவு சேமிப்பு அது. மாசியில் கிணறு கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்து நிற்பதைக் கண்டு தோட்டத்தைப் பெருப்பித்தால், ஆனியில் பாதிச் செடியைக் கைவிட நேரும். வைகாசி ஆனிக் கிணற்றை மனதில் வைத்து மாசியில் பாத்தி எண்ணுவது நல்லது.

*

கொத்தி முடித்த பாத்தியை வெறுமையாக விடக் கூடாது. பங்குனி நடுப்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டில் வெளிவரும் முளைக்குத் தண்டு வேகும். நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1970களில் ரத்தன் லால் நடத்திய ஆய்வுகள், அறுவடை மிச்சத்தால் மண்ணை மூடினால் வேர்ப்பகுதியின் சூடு பல பாகை குறைகிறது, ஈரம் கூடுதலாகத் தங்குகிறது, மழையில் மண் அடித்துப்போவதும் குறைகிறது என்று காட்டின. வன்னிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெரும்போக நெல்லறுவடை தையிலிருந்து பங்குனி வரை நடப்பதால், மூடாக்குப் போட வைக்கோல் தேவைப்படும் நேரமும் அது கிடைக்கும் நேரமும் ஒன்றே. அந்த வைக்கோலை வயலிலேயே கொளுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. தோட்டத்தில் ஒரு மாத ஈரமாக இருந்திருக்க வேண்டியது அரை மணிநேரத்தில் புகையாகிவிடுகிறது.

மூடாக்கு இல்லாத இடத்தில் மேல்மண்ணை மெல்லக் கொத்தித் தளர்த்திவிடுவது பழைய வழக்கம். கீழே உள்ள நீர் நுண்துளை வழியே மேலேறி ஆவியாவதை அந்தத் தூள் படை தடுக்கும் என்பது விளக்கம். சீனா, கொரியா, யப்பான் விவசாயம் பற்றிய தன் நூலால் 1911இல் பெயர்பெற்ற அமெரிக்க மண்ணியற்பியலாளர் எஃப். எச். கிங் இதை வலியுறுத்தினார். பின்வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன. வெயில் கடுமையான இடத்தில் மேல்மண் தானாகவே விரைந்து காய்ந்து ஒரு தடுப்பாகிவிடும். கொத்துவதால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி களை அழிவதால் வருவது. ஒரு கோரைச் செடியும் தன் இலைவழியே நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் சிறு பம்பிதான். அதனால் மாசியில் களை பிடுங்குவதை அழகுக்கான வேலையாக எண்ணாமல் நீர்ப்பாசனத்தின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

வைக்கோலை மேலே போடலாம், புதைக்கக் கூடாது. வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 60, 70 பங்கு காபன் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அந்த நைதரசன் காணாது. சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளடிக்கும். சீமைக்கிளுவை இலையில் அந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு 12. புதைத்து இரண்டு மூன்று கிழமையில் உக்கி, நைதரசனை மண்ணுக்கு விடும். வேலிக் கதியாலை மாசியில் வெட்டி, குழையைப் பாத்திக்குள் தாட்டு, மேலே வைக்கோலை மூடுகிற நம் வழக்கத்தில் எது கீழே, எது மேலே என்ற வரிசை பிழைக்காமல் இருப்பது இதனால்தான் முக்கியம். வெட்டிய வேலி மறுபடி தழைப்பதற்குள் தோட்டத்துக்குக் காலை வெயிலும் கிடைத்துவிடும்.

குழையின் மதிப்பை வன்னி இரண்டு தடவை வலியோடு அளந்திருக்கிறது. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் வன்னிக்குள் வரவில்லை. 2002இன் போர்நிறுத்தக் காலத்தில்தான் நிலைமை தளர்ந்தது. பிறகு 2021 மே மாதம் அரசு நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, விளைச்சல் சரியத் தொடங்கியபின் நவம்பரில் பின்வாங்கியது. இரண்டு முறையும் விவசாயியின் முன்னால் நின்றது ஒரே கணக்கு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு கிலோவில் 460 கிராம். வெட்டிய பச்சைச் சீமைக்கிளுவைக் குழையில் நீரே பெரும்பங்கு, நைதரசன் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடாக 50, 60 கிலோ குழை வெட்டிச் சுமக்க வேண்டும். வீட்டுத்தோட்டம் ஒன்றுக்கு இது முடியும். ஏக்கர் கணக்கான நெல்லுக்கு ஆறு மாத அவகாசத்தில் முடியாது. இயற்கைப் பசளை நல்லதா கெட்டதா என்று மேடையில் வாதிடுகிறவர்கள் இந்தச் சுமையைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினால் விவாதம் தெளியும். குழைக்கு யூரியாவிடம் இல்லாத ஒரு பலனும் உண்டு: அது மக்கைக் கூட்டும், மக்கு பதத்தின் நாட்களைக் கூட்டும்.

உழுந்து, பயறு எடுத்த நிலத்தில் நைதரசன் தானாகச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. பயற்றங்குடும்பச் செடிகள் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாவின் துணையோடு காற்றிலிருந்து நைதரசனை எடுக்கின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களின் பிற்பகுதியில் நிறுவினார்கள். ஆனால் எடுத்ததில் பெரும்பகுதி இறுதியில் தானியத்துக்குள்ளும் இலைக்குள்ளும் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கி முற்றத்தில் அடித்துச் சருகை மாட்டுக்குப் போட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பம். அடியோடு அறுத்து, வேரை மண்ணில் விட்டு, அடித்த சருகைப் பாத்திக்குத் திருப்பிக் கொடுத்தால் அல்லது அந்த மாட்டின் எருவைத் திருப்பினால்தான் கணக்கு நேராகும்.

போர் முடிந்த 2009க்குப் பின் மீளக் குடியேறிய பல காணிகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஆரம்பித்தது. ஆண்டுக் கணக்கில் உழவில்லாமல் பற்றைக்காடு மூடிக் கிடந்த மண்ணில் சருகு விழுந்து மக்கு சேர்ந்திருந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் கோல் நாட்டிக் கயிறு கட்டிய எல்லைக்குள் மண்வெட்டி வைக்க முடியாமல், பதம் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குடும்பங்கள் உண்டு. விடுவிக்கப்பட்ட மண்ணை முதல் தடவை உழும்போது காற்றும் சூடும் உள்ளே புகுந்து, சேர்ந்த மக்கு வேகமாக எரிந்து, சத்தை விடுவிக்கும். முதல் போகங்கள் அதனால் செழிக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் மக்கு சிதையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சூடான நம் நாட்டில், திருப்பிப் போடாவிட்டால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சேமிப்பு கரைந்துவிடும்.

*

இனி நாற்றுமேடை. மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றுக்கும் நாற்று அழுகல் பெரிய எதிரி. முளைத்த சில நாளில் தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து நாற்று சாயும். பித்தியம், றைசொக்ரோனியா போன்ற மண்வாழ் பூசண வகைகள் காரணம். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிக்கும்படி விவசாயத் திணைக்களம் சொல்வது மேல்மண்ணை வேகவைக்கத்தான். எரிந்த சாம்பலில் பொற்றாசியமும் கிடைக்கும். இன்னொரு வழி, நனைத்த மேடையை ஒளி ஊடுருவும் பொலித்தீனால் இறுக்கி மூடி நாலு முதல் ஆறு கிழமை வெயிலில் விடுவது. இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் குழுவினரும் 1976இல் இதை வெளியிட்டார்கள். கறுப்புப் பொலித்தீன் இதற்கு ஒத்துவராது. அது வெயிலைத் தானே குடித்துச் சூடேறும், மண்ணுக்குக் குறைவாகவே விடும். மண் நனைந்திருப்பதும் அவசியம், ஏனெனில் ஈரம் சூட்டைக் கீழே கடத்தும், விழித்தெழுந்த பூசணம் சூட்டில் எளிதாகச் சாகும். தையின் மப்பில் நெருப்பே கைகொடுக்கும். மாசி பிற்பகுதியிலிருந்து வெயில் போதும்.

எந்த விதையை எப்போது என்பதில் மட்டும் வெப்பம் இங்கேயும் குறுக்கே நிற்கிறது, ஆனால் ஐரோப்பாவுக்கு எதிர்த்திசையில். தக்காளி நல்ல உதாரணம். கலிபோர்ணியாவில் ஃப்றிற்ஸ் வென்ற், வெப்பத்தைக் கட்டுப்படுத்திய அறைகளில் தக்காளியை வளர்த்து, காய் பிடிப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரவு வெப்பம் என்று 1944இல் காட்டினார். 15 முதல் 20 பாகை இரவுகளில் நன்றாகப் பிடித்தது; அதற்கு மேலே போகப் போகப் பூ உதிர்ந்தது. வன்னியில் தை இரவு ஏறத்தாழ 22 பாகைக்கு இறங்கும், சித்திரை இரவு அதைவிட நாலு பாகையாவது சூடு. இங்கே தக்காளிக்குக் கிடைக்கும் வாசல் தையும் மாசியும்தான். மாசியில் பூக்க வேண்டுமானால் மார்கழி மழையிலேயே கூரை போட்ட மேடையில் விதைத்திருக்க வேண்டும். மாசியில் தக்காளி விதைப்பவர் பங்குனியில் பசுமையான செடியையும் சித்திரையில் உதிர்ந்த பூவையும் காண்பார்.

மாசி விதைப்புக்கு உரியவை வெண்டி, பயிற்றை, பூசணி, பாகல், புடோல், கெக்கரி, கத்தரி. இவை சூட்டைத் தாங்கும். கொடிகளில் ஆண்பூவே நிறையப் பூக்கிறது, பிஞ்சைக் காணவில்லை என்ற முறைப்பாடு வைகாசியில் கேட்கும். பூசணிக் குடும்பத்தில் சூடு கூடவும் பகல் நீளவும் ஆண்பூக்களின் பங்கு ஏறும் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. மாசியின் குளிர்ந்த இரவுகளுக்குள் கொடி ஓரளவு வளர்ந்துவிட்டால் பெண்பூ கூடுதலாகக் கிடைக்கும். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்குவதால், காலையில் மருந்தடிப்பது தேனீயைக் கொன்று காயையும் இழக்கும் வேலை.

வெங்காயத்துக்கு வெப்பத்தோடு பகல் நீளமும் முக்கியம். தாவரங்கள் பகலின் நீளத்தை அளந்து நடக்கின்றன என்பதை அமெரிக்காவில் கார்னரும் அலார்டும் 1920இல் வெளியிட்டார்கள். வேதாளன் போன்ற நம் சின்ன வெங்காயம் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டிய பகலிலேயே குமிழ் வைக்கும். கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவுகள் அன்போடு கொண்டுவரும் அழகிய பைக்கற் விதைகளில் உள்ள பெரிய வெங்காயம் பதினாலு, பதினாறு மணிநேரப் பகலுக்குப் பழகியது. வன்னியில் அந்தப் பகல் ஒருநாளும் வராது. தாள் தழைத்துக்கொண்டே இருக்கும், குமிழ் திரளாது. செய்கையில் எந்தப் பிழையும் இல்லாமலே தோற்கும் பயிர் அது.

சிறுபோக மிளகாய்க்கு மாசி கடைசியில் மேடை போட்டால் பங்குனி கடைசியில் நடலாம். அதன்பின் வரும் சித்திரை மழை, அளவில் சின்னது என்றாலும், தோட்டத்துக்குப் பெரியது. கென்யாவில் பணிபுரிந்த எச். எஃப். பேர்ச் 1950களின் பிற்பகுதியில், காய்ந்த மண் மறுபடி நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென விழித்து, மக்கைச் சிதைத்து, சில நாட்களுக்குள் பெருமளவு நைதரசனை விடுவிப்பதை அளந்தார். மண் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்ததோ, அவ்வளவு பெரியது அந்த விடுவிப்பு. பங்குனி முழுவதும் காய்ந்து கிடந்த வரம்போரப் பாத்தியில் சித்திரை மழைக்குப் பின் கீரை ஏன் அப்படிக் கரும்பச்சையாக எழும்புகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அந்தக் கிழமையில் யூரியா போட்டால் மண் இலவசமாகத் தருவதன் மேல் காசைக் கொட்டுவதாகும். மிஞ்சியது கிணற்றுக்குள் இறங்கும். நாற்றை மழைக்கு முன் நட்டு வேர்பிடிக்க வைத்திருந்தால் அந்த நைதரசனை அது எடுத்துக்கொள்ளும். நடாத பாத்தியில் கோரைதான் எடுக்கும். ஆகவே பங்குனி இறுதியில், வெயில் எரிக்கும்போதே, வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியாவது மிளகாயை நட்டுவிட வேண்டும். மழை வரும்போது ஒவ்வொரு நாற்றிலும் புது வேர் நாலைந்தாவது விட்டிருக்க வேண்டும்.